அந்த மணி ஒலிக்கும் மணி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கர்நாடகத்தின் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மந்திர உருளைகளின் படத்துக்குக் கீழே, திபெத்தியர் ஓதும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்துக்குத் ‘தாமரையில் ஒலிக்கும் மணியே’ என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். கட்டுரையாளரோ, இந்த மந்திரத்தில் பொருள் தேட வேண்டியதில்லை, அதிர்வு போதும் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை.

மணி என்றதும் நம் காதில் கோயில் மணிதான் முதலில் கேட்கும். பிழை எப்படி நேர்ந்தது என்பது புரிகிறது. இங்கே மணி என்பது நவமணி என்கிறோமே, அந்த மணி. கேட்டதைக் கொடுக்கும் சிந்தாமணி. திபெத்திய வழிபாட்டில் கைமணியும் உண்டு. வலக்கையில் வஜ்ரம் என்னும் சிறு வழிபாட்டுக் கருவியும் இடக்கையில் மணியும் ஏந்துவார்கள். அந்தக் கைமணி ஞானத்தின் அடையாளம். மந்திரத்தில் வரும் மணிக்கல்லோ கருணையின் அடையாளம். மந்திரத்தில் ஞானத்துக்கு உரியது தாமரை.

‘தாமரைக்குள் மணி’ என்ற பொருளும் பல நூல்களில் பரவியிருக்கிறது. இலக்கணம் அதற்கும் இடம் தரவில்லை. வடமொழியில் ராதாவைக் கூப்பிட்டால் ‘ராதே’, சீதாவைக் கூப்பிட்டால் ‘சீதே’. அதுபோல ‘மணிபத்மே’ என்பது ஒரே சொல்லாக நின்று, மணியும் தாமரையும் உடைய ஒருவரை விளிக்கிறது என்றே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரரை அழைப்பது என்பார்கள். பெண்பால் விளியாக இருப்பதால் அவருடைய ஆற்றலான ஷடக்ஷரி தேவியை அழைப்பது என்பாரும் உண்டு. நான்கு கரங்களோடு அவலோகிதேசுவரர் அமர்ந்திருக்கும் ஓவியத்தைப் பாருங்கள். நெஞ்சுக்கு நேரே குவிந்த இரு கைகளுக்குள் மணி, மற்றொரு வலக்கையில் ஜெபமாலை, இடக்கையில் தாமரை. மந்திரம் அப்படியே கண்முன் நிற்கிறது.

நமக்கு ஆறெழுத்து என்றால் சரவணபவ. அவர்களுக்கு இதுதான் ஆறெழுத்து. நம் இலக்கணப்படி எண்ணினால் ஒன்பது வரும்; ‘ஓம் நமோ நாராயணாய’ எட்டெழுத்தாவதுபோல ஒற்றுகளை விட்டு எண்ண வேண்டும். ஓம், ம, ணி, பத், மே, ஹூம். ‘ஓம்’ என்பதில் அ, உ, ம் மூன்றும் அடக்கம். இப்போதைய தலாய் லாமா தரும் விளக்கப்படி, ஓதுகிறவரின் மாசு படிந்த உடல், வாக்கு, மனம் மூன்றையும், அவையே தூய்மையுற்றால் ஆகக்கூடிய புத்தரின் உடல், வாக்கு, மனம் மூன்றையும் அந்த ஓரெழுத்து சேர்த்துக் குறிக்கிறது. கடைசியில் வரும் ‘ஹூம்’ கருணையும் ஞானமும் பிரியாமல் இருக்கும் நிலை. திபெத்திய வரிவடிவில் அதன் உச்சியில் ஒரு பிறை, பிறைமேல் ஒரு புள்ளி, புள்ளிமேல் சுடர்போல் ஒரு முனை இருக்கும். எழுத்து கீழிருந்து மேலாக ஒவ்வோர் உறுப்பாகக் கரைந்து, அந்த முனையும் வெட்டவெளியில் மறைவதாகத் தியானிக்கும் முறை உண்டு. பொருளில்லாத எழுத்தை யாராவது இவ்வளவு நுணுக்கமாகக் கரைப்பார்களா?

நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அங்கே போயிருந்தேன். கோயில் படிக்கட்டில் ஒரு மூதாட்டி கை உருளையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். உருளையின் பக்கவாட்டில் சிறு சங்கிலி, அதன் நுனியில் ஒரு குண்டு. மணிக்கட்டைச் சற்றே அசைத்தால் போதும், குண்டின் கனமே உருளையை வலமாக இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே அதே ஆறெழுத்தை வரிவரியாக அச்சிட்ட காகிதச் சுருள். ‘ஓம் மணி பேமே ஹூங்’ என்றுதான் அவர் வாயில் வந்தது. திபெத்தியர் நாவில் பத்மே அப்படித்தான் ஒலிக்கும். யாருக்காக ஓதுகிறீர்கள் என்று கன்னடம் தெரிந்த இளம் பிக்கு ஒருவர் மூலம் கேட்டேன். பாட்டி உருளையை மடியில் வைத்துவிட்டு விரல்களை மடக்கினார். ஓம் தேவர்களுக்கு, ம அசுரர்களுக்கு, ணி மனிதர்களுக்கு. நான்காம் விரலை மடக்கும்போது கீழ்ப்படியில் சுருண்டு படுத்திருந்த நாயைக் கைகாட்டினார். ஐந்தாவது, பசி தீராமல் அலையும் பிரேதங்களுக்கு. ஆறாவது, நரகத்தில் கிடப்பவர்களுக்கு. வெள்ளை, பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு என்று, மந்திரம் செதுக்கிய கற்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் பூசுவதும் இந்தக் கணக்கில்தான். நாடிழந்து 1960களில் இங்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களில் ஒருவர், தம் ஓதலில் ஓர் எழுத்தை அந்த நாய்க்கென்று வைத்திருந்தார். அதிர்வு போதும் என்று படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் மடங்கிய விரல்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவலோகிதர் நமக்கு வேற்றாள் அல்லர். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே அவலோகிதரிடம்தான் என்கிறது. அவரை அழைக்கும் சொல்லுக்குத் தமிழ் இதழொன்று தவறான பொருள் தரலாமா?

அடுத்த இதழில் படக்குறிப்பை மட்டுமாவது திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அந்தப் படத்தைக் குறிப்போடு வெட்டித் தன் நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். ‘ஒலிக்கும்’ என்ற சொல்லை நான் பென்சிலால் அடித்திருக்கிறேன். அச்சில் வந்ததைத்தான் நம்புவேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஓசூர்