குறுக்கெழுத்துப் புதிர் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கட்டங்களை விடாமல் நிரப்பும் வாசகர்களில் ஒருவன் எழுதுகிறேன். "நதி (2)" என்று, அடைப்புக்குள் எழுத்தெண்ணிக்கையோடு, குறிப்புக் கொடுத்து "ஆறு" என்று எழுதச் சொல்கிறீர்கள். இதில் புதிர் எங்கே இருக்கிறது? அதே விடைக்கு "ஐந்தைத் தாண்டியதும் ஓடும் (2)" என்று கேட்டுப் பாருங்கள். மனம் ஓட்டப்பந்தயம், கடிகாரம் என்று எங்கெங்கோ போய், கடைசியில் எண்ணும் நதியும் ஒரே சொல்லில் வந்து நிற்கும். அதற்காகத்தானே பென்சிலைக் கையில் எடுக்கிறோம்?

இதற்கான பாடம் நம்மிடமே இருக்கிறது. பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் தம் இலக்கண நூலின் கிளவியாக்கம் என்ற இயலில் இரண்டாகப் பிரிக்கிறார்: வினையால் பொருள் விளங்குவது ஒன்று, வினை வந்தும் விளங்காதது இன்னொன்று. உரைகாரர்கள் "மா" என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். "மா பூத்தது" என்றால் மரம், சந்தேகமே இல்லை. "மா வீழ்ந்தது" என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். இப்படிப்பட்ட இடத்தில் எதைச் சொல்கிறோம் என்று வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும் என்பது இலக்கணம். புதிர் போடுகிறவர் அந்த ஒரு விதியை மட்டும் மீறினால் போதும். பாதி வேலை முடிந்தது.

"திரை" என்ற சொல்லைப் பாருங்கள். கடலலை, மேடைச் சீலை, முதுமைச் சுருக்கம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. "கடலிலும் எழும், அரங்கிலும் எழும்" என்று கேட்கலாம். ஆனால் கடல் என்றதுமே அலை ஞாபகம் வந்துவிடும். "வயதானால் முகத்தில் விழும், நாடகம் முடிந்தால் மேடையில் விழும் (2)" என்பது இன்னும் நயமாக இருக்கும். "விழும்" என்ற ஒரே வினை இரண்டுக்கும் இழுக்காமல் பொருந்துகிறது. வினை அப்படிப் பொருந்தாவிட்டால் குறிப்பில் ஒட்டுப்போட்டது தெரியும்.

அப்புறம், இரட்டைப் பொருள் சொல்லைக் குறிப்புக்குள்ளேயே ஒளிப்பதானால் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். "ஆற்றில்" என்றால் நதி, "ஆறில்" என்றால் எண். உருபு ஏறினால் குட்டு உடைந்துவிடும்.

பழம்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சூடாமணி நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூலின் 11ஆம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள்தான், தாராளமாக அள்ளுங்கள். ஆனால் பழசோடு இன்றைய பொருள் ஒன்றும் இருக்கட்டும். "சம்பளம் தரும் கடல் (2)" என்றால், வேலைக்குக் கடல் என்ற பொருள் உண்டு என்று தெரியாதவரும் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். இரண்டு பொருளுமே வழக்கொழிந்தவை என்றால் அது வித்துவான்களுக்கு வைக்கும் பரீட்சை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதழாசிரியர்களுக்கும் சேர்த்து. விடைகளை வெளியிடும்போது விளக்கத்தையும் ஒரு வரியில் போடுங்கள். "கிளி முகத்தில் ஒரு கிழமை (4)" என்ற குறிப்புக்கு வெறுமனே "செவ்வாய்" என்று அச்சிட்டால், விடையைச் சரியாக எழுதியவர்களிலேயே சிலர் கிளி எதற்கு வந்தது என்று விழிப்பார்கள். "சிவந்த வாய்" என்று இரண்டு சொல் சேர்க்க இடமா இல்லை?

இப்படிக்கு,
கட்டம் நிரப்பும் வாசகன்