மக்களே, துப்பாக்கியை விற்கவில்லை

அன்புள்ள மக்களே,

சுகமாக இருக்கிறாயா? இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சின்னவன் தக்கலையில் டிரைவிங் பழகப் போகிறான். இடவப்பாதி மழை இந்த வருஷம் விட்ட பாடில்லை, கடையில் வண்டி வரத்தும் குறைவு.

போன மாதம், காற்றழுத்தத்தில் சுடுகிற உன் போட்டித் துப்பாக்கியைப் பற்றி நீ ஒரு வரி அனுப்பியிருந்தாய், "அப்பா, அந்தத் துப்பாக்கியை யாருக்காவது கொடுத்துருங்க" என்று. அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிவிட்டோம். அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. சாப்பிட்டியா, அங்கே மழையா, அவ்வளவுதான். போனில் எனக்குச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

துப்பாக்கியை விற்கவில்லை. கேட்டு ஆள் வந்தது. நான் கொடுக்கவில்லை.

அது நல்லபடியாக இருக்கிறது. பெட்டியில் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பஞ்சு மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. திறந்தபோது பூசணம் மணத்தது. எடுத்துத் துடைத்து, என் பழைய வேட்டியில் சுற்றி, உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். கீழ்த்தட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பு ராவும் பகலும் எரிகிறது. கரண்டு பில்லைப் பற்றி அம்மை சொல்லிவிட்டாள், நான் அணைக்கவில்லை. காற்று நிரப்புகிற சிலிண்டரைத் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறேன். முழுசாகக் காலி பண்ணவில்லை, அழுத்தம் 100 பாரில் நிற்கிறது. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இடத்தில் உட்கார்ந்திருக்கும், வெளி ஈரமும் உள்ளே போகாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அங்கே பெங்களூரில் நீ மறுபடி துப்பாக்கியை எடுத்தால், காற்று அடிக்கிற கைப்பம்பு சூடானால் உடனே நிறுத்து. ஐம்பது தடவை அடித்ததும் கையை எடு, பத்து நிமிஷம் ஆற விடு, அடியில் இருக்கிற திருகைத் திறந்து விடு. திறக்கும்போது புகை மாதிரி வருமே, அது தண்ணீர்தான். சூடான பம்பில் தண்ணீர் ஆவியாகவே ஓடிப்போய், குளிர்ந்த சிலிண்டருக்குள் துளியாகும். ஆறின பம்பென்றால் பம்பிலேயே துளியாகி, திருகு வழியாக வெளியே போகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் ஆரஞ்சாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பச்சையானால் இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுத்து, ஆறியதும் மூடிய பாட்டிலில் போட்டு வை. சமையல் சட்டி வேண்டாம், தனிச் சட்டி. உள்ளே எந்த எண்ணெயும் போடாதே, சிலிகான் கிரீஸ் மட்டும்தான். பக்கத்து வெல்டிங் கடைக்காரன் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருகிறேன் என்று ஒரு தடவை சொன்னானே, அது மாதிரி அங்கேயும் யாராவது சொன்னால் கேட்காதே. எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் அழுத்தமான ஆக்சிஜன் போனால் வெடிக்கும், விரல் போய்விடும். கடலுக்குள் முங்குகிற டைவிங் ஆட்களின் சிலிண்டர் கிடைத்தால் அதுதான் நல்லது, உலர்ந்த காற்று. கிடைக்காவிட்டால் பம்புதான். பம்பு சூடானால் நிறுத்து.

2015-ல் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது திருவனந்தபுரத்தில் வட்டியூர்க்காவு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு உன்னைக் கூட்டிப் போனேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை. பசிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் மத்தியானம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் சுவரில் துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் படம் இன்னும் இருக்கிறது, ஒரு மூலை மட்டும் ஈரத்தில் சுருண்டிருக்கிறது. துப்பாக்கிக்காகப் போன அம்மையின் வளையல் விஷயத்தை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்க மாட்டாள். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தனை வருஷம் விடியற்காலை பஸ்ஸில் போய்ப் பழகினதை ஒரே ஒரு போட்டி மோசமாகப் போனதை வைத்து விட்டுவிட்டாயே. ஏன் அப்படிப் போனது என்று யாரிடமாவது கேட்டாயா? கோச் கேட்டதற்குக்கூட "என் கைதான் சரியில்லை" என்றாயாம்.

உன் கை இல்லை மக்களே.

போட்டி நடந்த அந்த மாதம் முழுக்க சிலிண்டருக்குக் காற்றை நான்தானே நிரப்பினேன். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நடையில் நின்று பம்பை அடிப்பேன், சாரல் காலில் தெறிக்கும். ஜெல் பச்சையாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. பார்த்தேன். நாளைக்கு வறுக்கலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே விட்டேன். போட்டிக்கு முந்தின ராத்திரி, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே மூச்சில் அடித்தேன். பம்பின் அடிப்பக்கம் தொட முடியாத சூடு. துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடித்தேன். திருகைத் திறக்கவேயில்லை. காலையில் 200 பார் காட்டியது, நீ சந்தோஷமாக வாங்கிக்கொண்டாய்.

நீ பெங்களூருக்குப் போன பிறகு, போன வருஷம் சித்திரையில், ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். வெள்ளைத்தாள் விரித்து, சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றை வெளியேற்றி, கழற்றிக் கவிழ்த்தார். தாளில் நாலு துளி விழுந்தது. பிறகு, சுடும்போது போகிற காற்றின் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கிற ரெகுலேட்டரைத் திறந்தார். உள்ளே கிண்ணம் மாதிரி வளைந்த சின்னச் சின்ன வாஷர்கள் அடுக்காக இருக்கும், அது அத்தனையும் செம்மண் நிறம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. இது சிக்கினால் ஒவ்வொரு சுடுதலுக்கும் அழுத்தம் மாறும், குண்டு ஒரு தடவை மேலே போகும், ஒரு தடவை கீழே போகும் என்றார். போட்டியன்றைக்கு உன்னுடைய அறுபது குண்டும் எப்படிப் போனது? மேலும் கீழும்தானே? இடமும் வலமும் போகவில்லையே. பத்து மீட்டரில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அதற்கு அந்தத் துரு போதும்.

"தண்ணி எப்படிப் போச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி உன் பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரைக்கும் ஈரம் பிடிக்கும். உன் சிலிண்டர் 200 மில்லி என்றால், 200 பாருக்கு 40 லிட்டர் காற்று. மழை நாளில் அதில் ஒரு கிராமுக்கு மேல் தண்ணீர். அத்தனையும் உள்ளே போகாது, பாதி போனாலும் பத்துத் துளி. வாரத்துக்கு மூன்று தடவை நிரப்பினேன்.

முப்பது வருஷமாகத் தினமும் காலையில் கடைக் கம்பிரசரின் அடிக்குழாயைத் திறந்து, அந்தத் துருத்தண்ணீரை வடித்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குகிறேன். காற்றுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவன் பிள்ளையின் துப்பாக்கிக்குள் தண்ணீரை விட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, தெரிந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் உன்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்ல நினைப்பேன், அம்மையிடம் போனைக் கொடுத்துவிடுவேன். அவளுக்கும் இது தெரியாது.

ரெகுலேட்டர் மாற்றியாகிவிட்டது. சிலிண்டருக்குள் லைட் அடித்துப் பார்த்தோம், அலுமினியம் அரித்தால் வருகிற வெள்ளைப்பொடி இல்லை. சிலிண்டரில் அடித்திருக்கிற வருஷத்திலிருந்து பத்து வருஷம்தான் கணக்கு, உனக்கு இன்னும் மூன்று வருஷம் மிச்சம் இருக்கிறது. ஓணத்துக்கு வருவாயா, எத்தனை நாள் லீவு என்று அம்மை கேட்கச் சொன்னாள்.

விற்கத்தான் வேண்டும் என்றால் நீ வந்து உன் கையால் கொடு. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் மீட்டரைப் பார்க்கிறேன். இன்று காலையிலும் பார்த்தேன். 100-லேயே நிற்கிறது.

அப்பா