வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: டிவைஸ் ட்ரீ பராமரிப்பு பற்றி

பீன்யா, பெங்களூரு

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டெக்ஸ்ட் ஃபைல். அதன் பராமரிப்பு பற்றிச் சென்ற மாதம் ஆங்கிலத்தில் நான்கே வரியில் நாங்கள் அனுப்பிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓசூர், கோவை, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் இங்கே பெங்களூரிலிருந்தும் பலர் தொலைபேசியில் அழைத்தீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரு மடலாக எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது. உங்களில் பெரும்பாலோர் எங்களிடம் தமிழில் பேசித்தான் லினக்ஸ் ஓடும் கணினிப் போர்டு வாங்கினீர்கள். ஆகவே விளக்கமும் தமிழிலேயே இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் சுற்றிவரும் செய்தி எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. “போர்டில் ஒரு ரெசிஸ்டர்கூட மாறவில்லை, ஒரு டெக்ஸ்ட் ஃபைலை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் காசு வாங்குகிறார்கள், இப்போது அந்த ஃபைலும் தப்பு” என்பது அதன் வாசகம். இதில் கடைசியாகச் சொன்னது உண்மை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.19 பதிப்புக்கான ஆதரவு 2024 டிசம்பரில் முடிந்துவிட்டதால், அதில் ஓடிக்கொண்டிருந்த போர்டுகளை 6.6-க்கு மாற்றும் வேலையைக் கையில் எடுத்தோம். கோவையில் ஒரு நூற்பாலையில் புதிய இமேஜை (போர்டில் ஏற்றும் மென்பொருள் தொகுப்பை) ஏற்றியவுடன் ஈதர்நெட், அதாவது கேபிள் வழி நெட்வொர்க், நின்றுவிட்டது. கேபிளைச் செருகினால் பச்சை விளக்கு எரிகிறது, ஸ்விட்சும் 1000 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது, ஆனால் பிங் என்ற இணைப்புச் சோதனைக்குக்கூடப் பதில் இல்லை. அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் அலமாரியில் கிடந்த பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சை எடுத்து நடுவில் மாட்டியிருக்கிறார்; எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. நாங்கள் இங்கே இரண்டு நாளாகத் தேடியதில் பாதியை அவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

செயலிக்கும் ஈதர்நெட்டைக் கவனிக்கும் ஃபை சிப்புக்கும் நடுவே இருப்பது ஆர்ஜிஎம்ஐஐ இணைப்பு. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்தில் அதன் கிளாக், அதாவது நேரம் காட்டும் துடிப்பு, 125 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 8 நானோசெகண்டு; துடிப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் டேட்டா போவதால் ஒவ்வொன்றுக்கும் 4 நானோசெகண்டுதான் கிடைக்கும். டேட்டா நிலைத்து நிற்கும் நேரத்தில் கிளாக் வந்து சேர வேண்டுமென்றால் அதைச் சுமார் 2 நானோசெகண்டு தாமதப்படுத்த வேண்டும். அந்தத் தாமதத்தைப் போர்டில் செப்புத் தடத்தை வளைத்து நீளமாக்கியும் கொடுக்கலாம், சிப்புக்குள்ளேயும் கொடுக்கலாம். நம் போர்டில் தடத்தை நீட்டவில்லை. ஆகவே டிவைஸ் ட்ரீயில் ‘ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி’ என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் ‘ஆர்ஜிஎம்ஐஐ’ என்று எழுதியிருந்தோம். அப்படி எழுதினால், சிப்புக்குள் தாமதம் வேண்டாம் என்று பொருள். சிப்பின் இயல்பு அமைப்பும் கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர் செய்து வைத்த மாற்றமும் சேர்ந்து அந்தத் தாமதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன, 4.19-இல் அந்தச் சிப்பை இயக்கும் நிரலான டிரைவரோ நாங்கள் எழுதியதைக் கண்டுகொள்ளவேயில்லை. 2019-இல் அந்த டிரைவரைத் திருத்தி, எழுதியதை எழுதியபடி செய்ய வைத்தார்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் கிளாக் 25 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் சுற்றுக்கு 40 நானோசெகண்டு கிடைக்கிறது. அதில் 2 நானோசெகண்டு முன்னே பின்னே போனாலும் ஒன்றும் ஆகாது. பழைய ஸ்விட்சு வேலை செய்த ரகசியம் அவ்வளவுதான்.

விடுபட்டது ஒரு சிறு கோடும் இரண்டு எழுத்தும். தவறு எங்களுடையதே. ஆனால், ஆறு ஆண்டுகளாக இந்த ஃபைல்களைப் பார்த்துக்கொண்ட எங்கள் பொறியாளர் வேலையை விட்டுப் போனதால்தான் ஈதர்நெட் போயிற்று என்று சிலர் பேசுவது நியாயமில்லை. அந்த வரி அவர் சேர்வதற்கு முன்பு, 2018-இல், நானே எழுதியது. அவர் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே கிடைக்கும் சம்பளத்தை எங்களால் கொடுக்க முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இனி, ‘ஒரு டெக்ஸ்ட் ஃபைல்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் மனதைத் தைத்தது இதுதான்.

யூஎஸ்பியில் ஒரு பென் டிரைவைச் செருகினால் அது தன் பெயரையும் தயாரிப்பாளர் எண்ணையும் தானே சொல்லிவிடும். ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் சாலிடர் செய்த வெப்பநிலை சென்சார் அப்படி எதுவும் சொல்லாது. எந்த முகவரியில் எந்தச் சிப் இருக்கிறது, அதன் இன்டரப்ட் (கெர்னலின் கவனத்தைக் கூப்பிடும் சிக்னல்) எந்தப் பின்னில் வருகிறது, எந்த மின்னழுத்தத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கெர்னலுக்கு யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். முன்பு ஏஆர்எம் வகைச் செயலி உள்ள போர்டுகளுக்கு இதைக் கெர்னலுக்குள்ளேயே, போர்டுக்கு ஒரு சி நிரலாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அது கட்டுக்கடங்காமல் பெருகி, 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகவே கடிந்துகொண்ட பிறகு, பவர்பிசி என்ற வேறு வகைச் செயலிகள் பக்கம் ஏற்கெனவே இருந்த டிவைஸ் ட்ரீ முறைக்கு ஏஆர்எம்மும் மாறியது. சி நிரலின் வேலை டெக்ஸ்ட் ஃபைலுக்கு வந்தது. வேலையின் கனம் குறையவில்லை.

பழைய டிவைஸ் ட்ரீயும் புதிய கெர்னலில் வேலை செய்ய வேண்டும் என்பது கெர்னல்காரர்களின் கொள்கை. அப்படியிருக்க ஆண்டுதோறும் பார்க்க என்ன இருக்கிறது என்று ஓசூர் நண்பர் ஒருவர் கேட்டார். கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் அது சரியாக எழுதிய ஃபைலைத்தான் காக்கும். தவறாக எழுதியும் அதிர்ஷ்டத்தில் ஓடிய ஃபைலை எந்தப் புது டிரைவரும் ஒரு நாள் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. நாங்கள் எல்லாவற்றுக்கும் மாறுவதில்லை என்றாலும் எது நம் போர்டைத் தொடுகிறது என்று படித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. 2023-இல் 6.5 வந்தபோது 32-பிட் ஏஆர்எம் ஃபைல்களை எல்லாம் தயாரிப்பாளர் வாரியாகத் தனித்தனி அடைவுகளுக்கு மாற்றினார்கள். மெயின்லைனில், அதாவது எல்லோருக்கும் பொதுவான கெர்னலில், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நம் இரண்டு போர்டுகளின் ஃபைல்களை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். உங்கள் சொந்த வடிவமைப்பு என்பதால் வெளியிட முடியாமல் நாங்கள் தனியே வைத்திருக்கும் ஃபைல்களுக்கான பேட்ச்களில் (கெர்னலின் மேல் ஒட்டும் திருத்தங்களில்) ஒன்றுகூட ஒட்டவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம்.

சிப் விவரங்களை எழுதும் முறைக்கு இப்போது யாமல் என்ற எழுத்து வடிவில் விதிகள் இருக்கின்றன, ஒரே கட்டளையில் ஃபைலைச் சோதித்துவிடலாம் என்பதும் உண்மை. முதல் முறை ஓட்டியபோது எங்கள் ஃபைல்களுக்குத் திரை நிறைய எச்சரிக்கைகள் வந்தன, எல்லாவற்றையும் தீர்த்தோம். இருந்தும் ஈதர்நெட் தவறு அதில் சிக்கவில்லை. ‘ஆர்ஜிஎம்ஐஐ’, ‘ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி’ இரண்டுமே விதிப்படி சரியான சொற்கள். போர்டில் தடம் நீளமா குட்டையா என்று எந்தச் சோதனைக்கும் தெரியாது. போர்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் அலுவலகத்தில் ஓர் இரும்பு ராக்கில் உங்கள் ஒவ்வொரு வகைப் போர்டிலும் ஒன்றை மாட்டி, மாற்றம் வரும்போதெல்லாம் இரவு முழுக்க அணைத்து அணைத்துப் பூட் செய்து பார்க்கிறோம். அந்த ராக்கில் இருந்ததும் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சுதான் என்பது எங்கள் போதாத காலம். இப்போது ஜிகாபிட் ஸ்விட்சு வைத்தாயிற்று.

ரெசிஸ்டர்கூட மாறவில்லை என்பதற்கும் ஒரு வார்த்தை. 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, நேரத்தை வைத்திருக்கும் ஆர்டிசி சிப் கிடைக்காமல் பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் வேறு தயாரிப்பாளரின் சிப்பைப் போட்டோம். பழையது ஐ2சியில் ஹெக்ஸ் 51 முகவரியில் இருந்தது, புதியது ஹெக்ஸ் 68-இல். உங்கள் விநியோகம் தடைப்படக் கூடாது என்று அமைதியாகச் செய்த மாற்றம் அது. பொதுவான பகுதியை ஒரு ஃபைலிலும் போர்டின் ரிவிஷனுக்கு (வடிவமைப்புப் பதிப்புக்கு) ரிவிஷன் வேறுபடுவதைத் தனி ஃபைல்களிலும் பிரித்து எழுதியதால் நீங்கள் எதையும் உணரவில்லை. உணராதது எங்கள் வேலை நடந்ததால்தான் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

கோவை ஆலையினர் பதினொரு நாள் பழைய ஸ்விட்சை வைத்துக்கொண்டே மூன்று ஷிப்டும் ஓட்டினார்கள், கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் நாங்கள் கேட்காமலேயே போர்டு பூட் ஆகும்போது வரும் செய்திகள் அடங்கிய சீரியல் கன்சோல் பதிவை முழுமையாக அனுப்பிவைத்தார். தாமத அமைப்பு மாறுவதை அந்தப் பதிவில்தான் முதலில் பிடித்தோம். முதல் ஐந்து போர்டை முன்பணம் கொடுத்து வாங்கிய நாளிலிருந்து கூடவே இருப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

திருத்திய 6.6 இமேஜ் ஒப்பந்தத்தில் உள்ள அனைவருக்கும் கட்டணமின்றி வந்து சேரும். புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பொறியாளர்கள் இந்த ஃபைல்களைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் தேறும் வரை பதில் ஓரிரு நாள் தாமதமாகலாம். பராமரிப்புக் கட்டணம் ஏப்ரல் முதல் ஒரு போர்டு வகைக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாகிறது, ஜிஎஸ்டி தனி. ரிவிஷன் ஏ போர்டுகளுக்கு 6.6-தான் கடைசி.

இமேஜைக் கேட்டு எழுதும்போது போர்டின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்புங்கள். ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள எட்டுக்கால் சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படமெடுத்தால் போதும், எந்த ரிவிஷன் என்று நாங்கள் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்