சாய்ஸ் லிஸ்ட்

கோபி,
பிப்ரவரி 16

அன்புள்ள பாப்பாவுக்கு,

பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைத்திருக்கிறேன். இந்த முறை பூண்டு போடவில்லை. ரூமில் மற்றப் பிள்ளைகளுக்கு வாசனை ஆகவில்லை என்று அம்மிச்சி மூலம் தெரிந்தது. மூன்று ஞாயிறாய் உன் சேதி எல்லாம் அம்மிச்சி மூலம்தான் தெரிகிறது.

ஜேஇஇ மெயின் ஜனவரித் தேர்வு முடிவு வந்ததைச் செய்தியில் பார்த்தேன். உன் விண்ணப்ப எண் ஃபைலில் இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை. எவ்வளவு வந்திருந்தாலும் ஒன்று தெரிந்துகொள் சாமி: ஜனவரி, ஏப்ரல் இரண்டில் எது அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுப்பார்கள். ஜனவரியில் குறைந்ததால் ஏப்ரலில் ஒன்றும் கழியாது. ஆனால் ஏப்ரலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், நாம் ஜனவரிக்கு மட்டும்தான் கட்டினோம். பழைய எண்ணிலேயே உள்ளே போய்க் கட்டு. புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டுவிடாதே, ஒருவருக்கு ஒன்றுதான் என்பது விதி. இந்த மாதத்தோடு மூடிவிடுவார்கள். கட்டிவிட்டாயா?

ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்தால் எழுதலாம். அடுத்தடுத்த இரண்டு வருடம்தான் அனுமதி, உனக்கு இது இரண்டாவது. அது கிடைத்தால்தான் நல்ல வழி என்று யார் சொன்னாலும் காதில் போடாதே. மெயின் ரேங்கிலேயே மத்திய அரசின் என்ஐடி கல்லூரிகள் இருக்கின்றன. நீ ஐதராபாத்தில் கோச்சிங் படித்துத் தேர்வு எழுதுவதால் தெலங்கானா ஆகிவிடமாட்டாய். பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேறினாயோ அதுதான் சொந்த மாநிலம். திருச்சி என்ஐடியில் பாதி இடம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. பிளஸ் டூவில் 75 சதவீதம் கேட்பார்கள், அது உனக்குக் கவலையே இல்லை.

கவலை ஓபிசி சான்றிதழில்தான். வீட்டில் இருக்கும் பிசி சாதிச் சான்றிதழ் நம் மாநில இன்ஜினியரிங் கலந்தாய்வான டிஎன்இஏ-வுக்கு மட்டும் செல்லும். ஐஐடி, என்ஐடி சீட் ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வில் அதைக் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லை என்ற வாசகத்தோடு, அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடம் வாங்கியது இப்போது உதவாது. ஏப்ரல் பிறந்ததும் இ-சேவையில் நானே போடுகிறேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உன் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, ஆதாரில் முன்னால். விண்ணப்பத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடிதானே போட்டாய்? அதைப் பார்த்துச் சொல். சான்றிதழிலும் அதேபோல வாங்கிவிடலாம். பிறகு தாலுகா ஆபீசுக்கு அலைகிற பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் டிஎன்இஏ சேவை மையத்தில் பார்க்கிறேன்.

ஏப்ரலுக்குப் பணம் கட்டிவிட்டாயா? ஞாயிற்றுக்கிழமை அம்மிச்சியிடமாவது சொல்.

இனி நம் ஊர் வழி. ஜேஇஇ எப்படிப் போனாலும் மே மாதம் டிஎன்இஏ-வில் பதிந்துவிட வேண்டும். ஜூன் முதல் வாரத்தோடு மூடிவிடுவார்கள், உனக்கு என்ஐடி கிடைக்குமா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே. 500 ரூபாய்தான். அது இல்லாமல் ஜூலையில் வந்து கையைப் பிசைகிறவர்கள் எத்தனை பேர்! போன வருட மார்க்கே போதும். கணக்கு 96, இயற்பியல் 91-இல் பாதி 45.5, வேதியியல் 94-இல் பாதி 47. ஆக கட்-ஆஃப் 188.5. அது உன் மார்க், யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் பெருமையாகத்தான் இருக்கிறது, நீ என்னிடம் பேசினாலும் பேசாவிட்டாலும். ஆனால் இந்த வருடப் பிள்ளைகளோடு சேர்த்து ரேங்க் போடுவார்கள். அதே 188.5-க்கு அதே ரேங்க் வராது.

ஜோசா முந்தி நடக்கும், டிஎன்இஏ பொதுக் கலந்தாய்வு பிந்தி. அதனால் பெரும்பாலும் இரண்டும் மோதாது. ஜோசாவில் கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே பார்க்க ஃப்ளோட், அதே கல்லூரிக்குள் வேறு துறைக்கு ஸ்லைடு, போதும் என்றால் ஃப்ரீஸ். டிஎன்இஏ-வில் 'ஏற்றுக்கொண்டு மேலே' என்று கொடுத்தால் பணத்தைச் சேவை மையத்தில் கட்ட வேண்டும், 'ஏற்றுச் சேர்கிறேன்' என்றால் கல்லூரியில். நாள் தவறினால் சீட் போய்விடும்.

தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து ஏப்ரலிலேயே போன் வர ஆரம்பிக்கும், சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டு என்று. உன் அப்பாவிடம் இப்போதே இரண்டு பேர் பேசிவிட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் 15 நாள் முன்பே விலகினால் சிறு தொகை பிடித்துக்கொண்டு மீதி முழுவதும் தர வேண்டும். தேதி தாண்டி 30 நாளும் போய்விட்டால் எதுவும் வராது. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கவும் கூடாது. விதி இப்படித்தான். ஆனாலும் டிசி ஒன்றுதான் இருக்கிறது, அதை எங்கும் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சித்தி சொல்கிற ஐஐடி மெட்ராஸ் டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். ஆனால் அதில் சிவில் கிடையாது.

சாய்ஸ் லிஸ்ட் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

டிஎன்இஏ-வில் கல்லூரி, துறை என்று எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். உன் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் முதல் வரியிலிருந்து கீழே வரும். எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. 'மேலே' என்று காத்திருந்தாலும், கிடைத்ததற்கு மேலுள்ள வரிகள்தான் கணக்கு, கீழே உள்ளவை போனது போனதுதான். அதனால் போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்துப் பயந்து வரிசை போடக் கூடாது. ஆசைப்பட்ட வரிசையில் போட வேண்டும். கிடைக்காததை மேலே வைப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. வேண்டாததை மேலே வைத்தால்தான் நஷ்டம். மையத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

போன வருடம் நீ நான்காவதாக 2005 சிஇ என்ற குறியீட்டைப் போட்டிருந்தாய். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி), சிவில். லிஸ்டை லாக் செய்வதற்கு முந்தின ராத்திரி நீ தூங்கின பிறகு, அதற்கு மேலே ஆறு கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிகளை நான் சேர்த்தேன். பதிவில் இருந்தது என் போன் எண், பாஸ்வேர்டும் நான் வைத்ததுதான். சிவில் படித்தவர்கள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள் என்று நாலு பேர் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆறில் ஒன்றுதான், அந்தச் சுயநிதிக் கல்லூரிதான், உனக்கு விழுந்தது. "நான் இதைப் போடவே இல்லையே" என்றாய். "அவசரத்தில் நீயே போட்டிருப்பாய்" என்றேன்.

சுற்று முடிந்ததும் ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். 2005 சிஇ, நம் பிரிவிலேயே, உனக்குக் கீழே கட்-ஆஃப் இருந்தவர்களுக்குப் போயிருந்தது. உன் மார்க் போதாமல் போகவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அடுத்த சுற்றில் கேட்கவும் இடமில்லை. அப்புறம் ஐதராபாத்துக்குப் போ என்று சொன்னதும் நான்தான். உன் கட்-ஆஃப் குறைந்ததால் ஒரு வருடம் போயிற்று என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஏழு மாதமாக நினைக்க விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கும் இது தெரியாது. நேற்று ராத்திரி சொன்னேன்.

மே மாதம் பதியும்போது உன் எண்ணையே கொடு. டப்பாவுக்குள் ஒரு சிம் வைத்திருக்கிறேன், உன் பெயரில்தான் வாங்கியது. பாஸ்வேர்டை நீயே வைத்துக்கொள், என்னிடம் சொல்ல வேண்டாம். ஜேஇஇ கணக்கின் பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றிவிடு. மாற்றின கையோடு ஏப்ரலுக்குப் பணம் கட்டிவிடு. அப்பா உன் அக்கவுண்டில் போட்டிருக்கிறார்.

அம்மா