அந்தப் புள்ளிக்கோட்டை வரைந்தவர்களுக்கு

முகம் தெரியாத நண்பர்களே, வணக்கம்.

2022 அக்டோபரில் நானும் என் மைத்துனரும் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடந்தோம். பேசிசஹாரில் கிளம்பி, மனாங் வழியாக தோரோங் கணவாயைக் கடந்து முக்திநாத் போய்ச் சேர 14 நாள் ஆனது. வழிகாட்டி யாரையும் அமர்த்தவில்லை. அது கட்டாயம் என்ற விதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. கையில் இருந்ததெல்லாம் போனில் ஒரு வரைபடம், நீங்கள் வரைந்தது; நடைபாதையை அதில் புள்ளிக்கோடாகக் காட்டியிருந்தீர்கள். ஊர் திரும்பியதுமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

முதலில் என் அலுவலகத் தம்பிக்கு நன்றி. கிளம்புவதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு இடைவேளையில் என் போனை வாங்கி, ஆர்கானிக் மேப்ஸ் செயலியை ஏற்றி, நேபாள வரைபடம் முழுவதையும் இறக்கிக் கொடுத்தான். "சிம் இல்லாட்டியும் ஜிபிஎஸ் எடுக்கும்ணே, அது நேரா சாட்டிலைட்லேர்ந்து வருது. மேப் மட்டும் உள்ள இருந்தாப் போதும். ஃபிளைட் மோட்ல போட்டு வைங்க. ராத்திரி போனையும் தூங்குற பைக்குள்ளயே வச்சுக்குங்க, குளிர்ல சார்ஜ் இறங்கிடும்." கடைசியில் சொன்னதை ஒரே ஒரு இரவு மறந்தேன். யாக் கர்கா என்ற ஊரின் விடுதியில், 4,000 மீட்டருக்கு மேல், ஜன்னலோரம் வைத்த போன் காலையில் அணைந்து கிடந்தது. பவர் பேங்க் இருந்ததால் பிழைத்தோம்.

அந்த விடுதியை நடத்திய அக்காவுக்கு அடுத்த நன்றி. அங்கே அக்காவை 'தீதி' என்பார்கள். (அண்ணனுக்கு 'தாய்'! அதைக் கேட்டுப் பழகவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.) தீதி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கணவாயின் அடிவாரமான தோரோங் ஃபேதிக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டு, என் போனை எட்டிப் பார்த்தார். மாவு ஒட்டிய விரலால் திரையில் ஒரு இடத்தைத் தொட்டு, இது மழையில் சரிந்து போய்விட்டது, பாலம் தாண்டி மறுகரையில் ஏறுங்கள் என்றார். திரையில் ஒட்டிய மாவை நான் மதியம் வரை துடைக்கவில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இனி உங்களுக்கு.

கணவாய் ஏறும் நாள் ஹை கேம்ப்பிலிருந்து விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். இரவு பெய்த பனியில் பாறைகளில் தீட்டியிருந்த சிவப்பு வெள்ளைக் குறிகள் மூடிப்போயிருந்தன. தலைவிளக்கின் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. 2014 அக்டோபரில் இந்தப் பக்கத்தில்தான் பனிப்புயலில் 40 பேருக்கும் மேல் இறந்தார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கையுறையோடு தொட்டால் திரை அசையவில்லை. கட்டைவிரலை மட்டும் வெளியே எடுத்தேன். நீல அம்புக்குறி புள்ளிக்கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளி நின்றது. வந்த தடத்திலேயே திரும்பி, வலப்பக்கம் ஏறினோம். சுமார் ஐம்பது அடி வைத்ததும் மைத்துனரின் கைத்தடி கெட்டித் தரையில் தட்டியது. பாதை!

அந்தக் கோட்டை உங்களில் யாரோ ஒருவர் நடந்து பதிவு செய்திருக்கிறீர்கள். வழியில் ஒரு டீக்கடை உண்டு என்று குறித்ததும் நீங்கள்தான். அந்த இருட்டில் அந்தச் சின்னக் குறியை நோக்கித்தான் நடந்தோம். அந்தச் செயலி காட்டும் வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருவது என்பதும், 2004-இல் தொடங்கிய அது உங்களைப் போன்ற தன்னார்வலர்களின் உழைப்பு என்பதும், 2015 நிலநடுக்கத்தின்போது மீட்புப் பணிக்காக உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து நேபாளத்தின் சாலைகளையும் வீடுகளையும் வரைந்தார்கள் என்பதும் ஊருக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டவை.

5,416 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து மாலையில் முக்திநாத்தில் இறங்கினோம். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் அது. கோயிலில் கொட்டும் 108 நீர்த்தாரைகளின் கீழும் தலையைக் கொடுத்து ஓடி, அம்மாவுக்காக ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். அம்மா அதைப் பூஜை மாடத்தில் வைத்திருக்கிறார்.

அப்புறம் ஒரு செய்தி. தீதி காட்டிய மறுகரைப் பாதையை நடந்தபோதே போனில் பதிந்து வைத்திருந்தேன். கணக்குத் தொடங்கி, அதை வரைபடத்தில் ஏற்றிவிட்டேன். இரண்டே நாளில் உங்களில் ஒருவர் அதைப் பார்த்து, நான் விட்டுவிட்ட தொங்குபாலத்தைச் சேர்த்திருந்தார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அன்புடன்,
அந்த வழியில் நடந்த இருவர்