பெத்லகேம் கடைக்காரர் வீட்டுச் செய்தி

பாளையங்கோட்டை,
18.12.2020

அன்புள்ள ஜெபராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். நேற்றுதான் குடில் போட்டோம். போன வருஷம் யாத்திரையில் பெத்லகேமில் வாங்கிய ஒலிவமரச் சொரூபங்களை எடுத்து வைத்தபோது, நீ கேட்டிருந்த அந்தக் கடைக்காரர் நினைவுதான் எனக்கும். மரமிய்யா என்ற மூலிகை இலை போட்டு டீ கொடுத்தாரே, அவர்தான். அவர் மகனோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5ஆம் தேதி, பக்கத்து ஊரான பெய்த் ஜாலாவில் ஒரு ஓட்டலில் ஏழு பேருக்குக் கொரோனா என்று தெரிந்தது. பாலஸ்தீனத்தின் முதல் நோயாளிகள் அவர்கள். அன்றைக்கே பெத்லகேமில் இயேசு பிறந்த இடத்தில் இருக்கும் பிறப்பு ஆலயத்தை அடைத்துவிட்டார்கள். மே 26இல் திறந்தார்கள், சரி, யாத்திரைக்காரர் வர வேண்டுமே! கடைக்காரர் சொரூபம் செதுக்கும் பட்டறை அன்று நின்றதுதான்.

கடைக்காரரின் தம்பி இஸ்ரேல் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் சோதனைச்சாவடி வரிசையில் நின்று, சாயங்காலம் வீடு திரும்புவார். மார்ச்சில், வேலை வேண்டுமானால் அங்கேயே தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் கட்டடத்திலேயே படுத்துக் கிடந்தார். ஊர் வந்தபின் பதினான்கு நாள் பட்டறையில் தனியே இருந்தாராம், பாதி செதுக்கிய ஒட்டகங்களுக்கு நடுவே பாய் விரித்து. அம்மா வாசலில் தட்டை வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார்களாம். மகன் சாப்பிட்டு முடிக்கும்வரை நகர மாட்டார்களாம். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஊரடங்கு அவர்களுக்குப் புதிதில்லை. 2002இல் இஸ்ரேல் ராணுவம் அந்தப் பிறப்பு ஆலயத்தையே 39 நாள் முற்றுகை இட்டிருந்தது. "அப்போது மாடி ஏறிக் குதித்தாவது பக்கத்து வீட்டுக்குப் போய் ரொட்டி கொடுத்தோம். இப்போது அடுத்த தெருவில் இருக்கும் பெரியப்பாவைப் பார்க்கப் பயம்" என்று கடைக்காரர் சொன்னாராம். உறவும் அக்கம்பக்கமும்தானே அவர்களை இத்தனை வருஷம் தாங்கியது, நோய் அதில் போய்க் கைவைத்துவிட்டதே.

காசாவில் நிலைமை இன்னும் கொடுமை. கடைக்காரர் மனைவியின் தங்கை அங்கே இருக்கிறாள். 365 சதுர கிலோமீட்டரில் 20 லட்சம் பேர். ஆகஸ்ட் 24ஆம் தேதி, தனிமை முகாம்களுக்கு வெளியே முதன்முதலாக நோய் தென்பட்டது. அந்த நாட்களில் கரண்ட் தினமும் நாலு மணி நேரம்தான். குழாயில் தண்ணீர் வரும்போது கரண்ட் இருக்காது, கரண்ட் வரும்போது தண்ணீர் நின்றிருக்கும். மோட்டார் ஓடாமல் மாடித் தொட்டி எப்படி நிரம்பும்? கையை அடிக்கடி கழுவு என்று ரேடியோ சொல்ல, அவள் ஒரு வாளித் தண்ணீரை ஆறு பேருக்குப் பங்கிட்டிருக்கிறாள். பிள்ளைகள் மூன்று பேருக்கும் பாடம் படிக்க ஒரே போன். அதற்குச் சார்ஜ் ஏற்றவும் அந்த நாலு மணி நேரம்தான்.

அப்புறம் ஒரு விஷயம். செதுக்கி வைத்த உருவங்கள் நிறையத் தேங்கிக் கிடக்கின்றனவாம். தபாலில் அனுப்ப முடியுமா என்று மகன் விசாரிக்கிறான். நம் சபையில் பத்துப் பேராவது வாங்குவார்கள். உன் பக்கம் எத்தனை பேர் என்று கேட்டு எழுது, நான் அவனிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
தாமஸ்