ரயோங் வேலை பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கும் தாய்லாந்துக்கே, ரயோங் ஆலைக்கு வரச்சொல்லி உனக்கு வந்த ஆஃபர் லெட்டரை அனுப்பினாயே, அதை அப்பா பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு பேனாவால் கோடு போட்டபடி இருக்கிறார். போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, நடுவில் பாப்பா அழ, ஒன்றும் முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். மருமகளையும் படிக்கச் சொல். இதில் பாதி அவளுக்குத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா அங்கேதானே இருக்கீங்க, என்னை மட்டும் ஏன் யோசிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டாய். சரியான கேள்விதான். வராதே என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு "மூணு லட்சம்மா" என்றாய் பார், அந்த ஒரு பெருக்கலை வைத்து மட்டும் கிளம்பிவிடாதே என்கிறேன்.

ஏனென்றால் அந்தப் பெருக்கல் ஒரு நாள் தலைகீழாக விழுந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாங்கள் இங்கே வந்தபோது ஒரு டாலருக்கு 25 பாட், பாட் என்பது இந்த ஊர்ப் பணம். ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் நாற்பது பைசா கிடைக்கும். டாலரோடு பாட்டைக் கட்டி வைத்திருந்ததை 1997 ஜூலை 2ஆம் தேதி அரசாங்கம் கைவிட்டது. அடுத்த ஜனவரியில் டாலருக்கு 50 பாட்டையும் தாண்டிவிட்டது. அப்பாவின் சம்பளம் பாட்டில் அப்படியேதான் இருந்தது. திருச்சி வீட்டுக் கடனுக்கு அனுப்பிய ரூபாய் மட்டும் பாதியாகிவிட்டது. கடன் கொடுத்தவனுக்கு பாட் என்றால் என்னவென்றே தெரியாது, அவனிடம் போய் என்ன சொல்வது? இப்போது ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் சென்னை ஃபிளாட்டின் இ.எம்.ஐ.யை இங்கிருந்து கட்டப்போகிறாய் என்றால், ஒரு வருஷத் தவணையை அங்கேயே ரூபாயில் போட்டு வைத்துவிட்டு வா.

இன்னொன்று. உன் வண்டித் தொழிலே இங்கே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2023இல் இந்த நாட்டில் 18 லட்சத்துக்கு மேல் வண்டி தயாரித்தார்கள். 2024இல் அது 15 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அதே ரயோங்கில் சீனாவின் மின்சார வண்டிக் கம்பெனி பி.ஒய்.டி. 2024 ஜூலையில் புது ஆலை திறந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் சுசூகி தன் ரயோங் ஆலையை 2025 கடைசிக்குள் மூடப்போவதாக அறிவித்திருந்தது. பெட்ரோல் வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியா, மின்சார வண்டிக்கா என்று கேட்டுக்கொள். மறைமலை நகரில் ஃபோர்டு மூடியபோது உன் சிநேகிதர்கள் பட்ட பாட்டை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் வேலை போன மறுநாளும் தாம்பரத்தில் அவரவர் வீட்டில்தான் கண் விழித்தார்கள். இங்கே வேலை முடிகிற தேதியோடு, தங்கும் அனுமதியும் முடிந்துவிடும். கேட்டால் ஏழு நாள் தருவார்கள். உன் விசாவை ஒட்டித்தான் மருமகளுடையதும் பாப்பாவுடையதும். ஏழு நாளில் வீட்டைக் காலி செய்து, வண்டியை விற்று, பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து... யோசித்துப் பார். சட்டப்படி நஷ்ட ஈடு உண்டு, அதை மறைக்கவில்லை. மூன்று வருஷம் முடித்தவர்களுக்கு 180 நாள் சம்பளம், ஆறு முடித்தால் 240 நாள். வெளிநாட்டுக்காரருக்கும் அது பொருந்தும். இந்தியாவில் தனியார் கம்பெனியில் இவ்வளவு கொடுப்பார்களா என்று அப்பா கேட்கிறார். கொடுக்க மாட்டார்கள்தான்.

விசா காகிதங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் விடியாது. வருஷா வருஷம் நீட்டிப்பு, 1,900 பாட். 90 நாளுக்கு ஒரு முறை "இன்ன முகவரியில்தான் இருக்கிறேன்" என்று அறிவிக்க வேண்டும். இப்போது இணையத்திலேயே செய்யலாம். அந்தக் காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பேன். இவையெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று ரீஎன்ட்ரி பர்மிட். அது இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் இருக்கிற அனுமதி ரத்தாகிவிடும். பாட்டிக்கு மூச்சுத் திணறல் என்று மாமா கூப்பிட்ட ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது திருச்சியில்தான் இருந்தாய். கையில் கிடைத்த சேலையோடு சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு ஓடினோம். அங்கே போன பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்குமே பர்மிட் இல்லை என்று அப்பாவுக்கு உறைத்தது. விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. அப்பா படிவத்தில் என் பாஸ்போர்ட் எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார், மைக்கில் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்கிறது, ஒட்டுவதற்கு என் போட்டோ இல்லை. அந்த அதிகாரி சின்னப் பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து அவளே படம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. ஒரு தடவைக்கான பர்மிட் 1,000 பாட், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம் என்றால் 3,800. யோசிக்காமல் 3,800 கட்டு. கம்பெனி கட்டுமா என்று கேட்டுக்கொள்.

இப்போது மருமகள் விஷயம். அவள் கல்லூரி வேலையைப் பற்றி உன் மெயிலில் "அவ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று ஒரே வரி. தம்பி, கூட வருகிறவளின் விசாவில் அவள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. தனியாக ஒரு கம்பெனியோ பள்ளியோ அவளுக்கு வேலை கொடுத்து, அவர்களே வேலைக்கான பர்மிட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுப்பதும் கூடாது. நான் திருச்சியில் கணக்கு டீச்சர். இங்கே வந்த முதல் சில வருஷங்கள் காலை ஏழு மணிக்கு அப்பா ஆலை வேனில் ஏறினால், ராத்திரி எட்டு வரை சுவரும் நானும்தான். அழுதேன் என்று கதை விடமாட்டேன், அழவில்லை. பால்கனியில் நின்று எதிர்க் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டி இந்த ஊர் பாஷையைப் படித்தேன். பிறகு ஒரு பள்ளி பர்மிட் எடுத்துக் கொடுத்தது, என் பாடு தேறிவிட்டது. எனக்கு அப்போது போவதற்கு ஒரு தனியார் பள்ளி வேலைதான் இருந்தது. மருமகள் நெட் தேர்வு எழுதி, பி.எச்டி. முடித்து வாங்கிய இடம் அது. சம்பளமில்லா விடுப்பு எத்தனை வருஷம் தருவார்கள் என்று முதலில் விசாரிக்கச் சொல். அவர்கள் தருகிற வருஷம்தான் இங்கே உன்னுடைய வருஷமும். இதை அவள் வாயால் உன்னிடம் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

நீங்கள் பாங்காக்கில் இருக்கப்போவதில்லை என்பதையும் அவளிடம் சொன்னாயா? ரயோங்கில் நீங்கள் இருக்கப்போகிற ப்ளுவாக் டேங் பக்கம் தொழிற்பேட்டை, மரவள்ளித் தோட்டம், ரப்பர் தோட்டம், நடுவில் வரிசை வீடுகள். ஜப்பான்காரர்கள் ஸ்ரீராச்சாவில் தங்களுக்கென்று ஒரு ஊரையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் உட்பட. நம்மவர்களுக்கு அந்தப் பக்கம் அப்படி ஒன்றும் கிடையாது. கார் இல்லாமல் காய்கறி வாங்க முடியாது. பாங்காக்கில் எங்கள் பாங்னா வீட்டுக்கு வர இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும்.

குறையாகவே சொல்கிறேன் என்று நினைக்காதே. இங்கே நான் ராத்திரி பத்து மணிக்குத் தனியாக இறங்கித் தெருமுனை செவன் இலெவனில் பால் வாங்கி வருவேன். சென்னையில் அந்த நேரத்துக்கு மருமகளை நீ தனியாக அனுப்புவாயா? என்ன ஜாதி, சொந்த வீடா வாடகையா, பையனுக்கு எவ்வளவு சம்பளம் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டுக்கு நீ பயப்படவே வேண்டாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்டிருக்கும் கடைகள் உண்டு. அங்கே கறி, மீன், முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டுகூடப் போடமாட்டார்கள். மற்ற கடையில் "மாய் சாய் நாம்ப்லா" என்று சொல்ல வேண்டும், மீன் சாறு ஊற்றாதே என்று அர்த்தம். நான் இந்த ஊரில் பேசிய முதல் வாக்கியமே அதுதான். எங்கள் கடைக்கார அம்மா என் தலை தெரிந்ததும் அந்த பாட்டிலை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிடுவாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ரயிலேறி, சியாமில் மாறி, சுரசாக்கில் இறங்கி சீலோம் மாரியம்மனைப் பார்த்துவிட்டு வருவேன். போன நூற்றாண்டுக்கும் முந்தைய தமிழர்கள் கட்டிய கோயில், இன்றைக்கு நம்மைவிட இந்த ஊர்க்காரர்கள்தான் கூட்டமாக வருகிறார்கள். விஜயதசமி ராத்திரி அம்மன் ஊர்வலம் வரும்போது சீலோம் தெருவையே அடைத்துவிடுவார்கள். சித்திரை ஒன்றுக்கு லீவு போட வேண்டியதே இல்லை. இந்த ஊர்ப் புத்தாண்டான சோங்கிரான் விடுமுறையே ஏப்ரல் 13 முதல் 15 வரை.

கொண்டாட்டத்தில் மயங்கி ஒன்றை மறந்துவிடாதே. அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூட வாட்ஸப்பில் எதுவும் எழுதாதே. இங்கே குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 வருஷம் வரை சிறை. நீ அரசியல் மீம் போடுகிற ஆள், அதனால் சொல்கிறேன்.

பாப்பா பள்ளிக்கூடம். ஆஃபர் லெட்டரில் அப்பா போட்ட பெரிய கோடு இங்கேதான், அந்த இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை என்று. பெரிய இன்டர்நேஷனல் பள்ளிகளில் வருஷத்துக்கு 5 லட்சம் பாட்டிலிருந்து 10 லட்சம் வரை போகிறது. வரியெல்லாம் போக உன் கையில் மாதம் ஒரு லட்சத்துச் சொச்சம் பாட் வரும். வாடகை, கார், மூன்று பேருக்கு இன்ஷூரன்ஸ், சென்னை இ.எம்.ஐ. எல்லாவற்றையும் கழித்துவிட்டு அந்தப் பள்ளியை வைத்துப் பார். கம்பெனி கட்டவில்லை என்றால், ஒன்றாம் வகுப்போடு உன் கணக்கு முடிந்தது. உன்னை எட்டாம் வகுப்பில் பாட்டி வீட்டுக்கு அனுப்பியது எதற்கென்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். இந்தக் கணக்குக்காகத்தான். நீ நன்றாகத்தான் படித்தாய், பாட்டி உன்னை ராஜா மாதிரி வைத்திருந்தாள். ஆனால் உனக்கு மீசை முளைத்ததை நான் போட்டோவில்தான் பார்த்தேன். பாப்பாவை யாரிடம் அனுப்புவாய்? எனக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும்.

எங்களைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? அப்பா ஓய்வு பெற்றதும் நாங்கள் ஓய்வூதிய விசாவுக்கு மாறிவிட்டோம். 50 வயது தாண்டியிருக்க வேண்டும், இந்த ஊர் வங்கியில் 8 லட்சம் பாட் கிடக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 வருமானம் காட்ட வேண்டும். அந்த 8 லட்சம் எங்கள் பணம்தான், ஆனால் நினைத்தபோது தொட முடியாது. சமூகப் பாதுகாப்பு நிதியில் 15 வருஷத்துக்கு மேல் கட்டியதால் அப்பாவுக்கு ஒரு சின்ன பென்ஷன் வருகிறது. கரன்ட், தண்ணீர், காண்டோ (அடுக்குமாடி வீடு) பராமரிப்பு அதில் ஓடிவிடும். காண்டோ நம் பெயரில்தான். கட்டடத்திலுள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். மண் மட்டும் ஒரு அடிகூட நம் பெயரில் வாங்க முடியாது. எங்களைத் தடுமாற வைப்பது மருத்துவச் செலவு. 30 பாட்டில் வைத்தியம் பார்க்கும் திட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான். எங்களுக்கு வயது ஏற ஏற பிரீமியம் ஏறுகிறது, போன வருஷம் அப்பாவின் இதயத்தையே பாலிசியிலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள். அதனால் இன்னும் சில வருஷத்தில் திருச்சிக்கே வந்துவிடுவோம் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ இங்கே வருகிற நேரத்தில் நாங்கள் அங்கே போய்க்கொண்டிருந்தாலும் இருப்போம். எங்களுக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்து இந்த வேலையை எடுக்காதே. நீ வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

என் அபிப்பிராயம் கேட்டால்: வா. மூன்று வருஷம், மிஞ்சினால் நான்கு. பாப்பா ஒன்றாம் வகுப்பு போகும்வரை. ஃபிளாட்டை விற்காதே, வாடகைக்கு விடு. மருமகள் ராஜினாமா செய்யக் கூடாது. திரும்பும் வருஷத்தை இப்போதே இரண்டு பேரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் எழுதமாட்டீர்கள். "இந்த இன்கிரிமென்ட் வரட்டும்" என்று தோன்றும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நாங்கள் வந்த காலத்தில் திருச்சியில் அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்கு ஒரகடத்தில் நல்ல வேலை இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயத்தைக் கேட்டு மெயிலில் பதில் வாங்கு: பள்ளிக் கட்டணம், குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ், எல்லோருக்கும் விசா-பர்மிட் செலவு, ஒப்பந்தம் பாதியில் முடிந்தால் திரும்பும் டிக்கெட். டிகிரி சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அங்கேயே அட்டெஸ்ட் செய்து கொண்டுவா, இங்கே வந்து செய்வது பெரிய வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடு. நாங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடாதே, அப்பா தூங்கிவிடுகிறார். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிடு. முதலில் அவளிடம்தான் பேசுவேன்.

அன்புடன்,
அம்மா